பழவேற்காட்டில் காக்கா ஆழி: மருந்து இல்லாத களை

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று என் கையில் நின்றுவிட்டது. எழுதியவர் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிக்குப் பக்கத்தில் சிறிய இறால் குட்டை வைத்திருப்பவர். ‘தண்ணீர் இழுக்கும் குழாய்க்குள் கறுப்பாகச் சிப்பி ஒட்டிக்கொண்டு அடைக்கிறது. சுரண்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?’ என்று கேட்டிருந்தார்.

நெல்லுக்கும் கத்தரிக்கும் மருந்து சொல்லியே முப்பது வருடம் ஓட்டியவன் நான். சிப்பிக்கு மருந்து கேட்டு இதுவரை யாரும் எழுதியதில்லை. பதிலை இங்கிருந்தே எழுதுவதைவிட, போய்ப் பார்த்துவிட்டு எழுதுவது சரி என்று பட்டது.

பொன்னேரி ரயில் நிலையத்தில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. மெதூர், திருப்பாலைவனம் வழியாகப் போகும் சாலை. இரண்டு பக்கமும் நெல் வயல்தான். போகப்போக மண்ணின் நிறம் மாறும், காற்றில் உப்பு ஏறும், வரப்பில் தென்னை குறைந்து சீமைக்கருவேலம் கூடும். நன்செய் எங்கே முடிகிறது, உவர் நிலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. ஆரணி ஆறு நம் வயல்களைத் தாண்டி இந்த ஏரியில்தான் விழுகிறது. நாம் வாய்க்காலில் வடியவிடும் தண்ணீரும், அதில் கரைந்துபோகும் உரமும் மருந்தும் கடைசியில் போய்ச் சேரும் இடம் இது. பொன்னேரி விவசாயிக்குப் பழவேற்காடு அடுத்தவர் ஊர் இல்லை, தன் வயலின் கடைமடை.

இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரமும் அங்குள்ள முகத்துவாரமும் நம் பக்கம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் தண்ணீர் உள்ளே வரும், இறால் குஞ்சும் மீன் குஞ்சும் கூடவே வரும். மணல் மூடிவிட்டால் கோடையில் ஏரி உப்புக் காய்ச்சும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து உப்பை நீர்த்துப்போகச் செய்யும். உப்பும் நன்னீரும் மாறிமாறி வரும் இந்தக் கணக்கில்தான் மடவை, கொடுவா, கிழங்கான், களி நண்டு, இறால் எல்லாம் பிழைத்து வருகின்றன. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் பி.ஜே.சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியை ஆராய்ந்து, இதில் வாழும் உயிரினங்களைப் பட்டியலிட்டார். தேசியப் பல்லுயிர் ஆணையம் அதை 2006-ல் நூலாக வெளியிட்டது. ‘முன்பு என்ன இருந்தது’ என்று கேட்டால் எடுத்துக் காட்ட அப்படி ஒரு பதிவு இருப்பது பெரிய காரியம். நம் பகுதியில் பல கழிமுகங்களுக்கு அது கிடையாது.

பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போய், அங்கிருந்து ஒரு மீனவருடைய படகில் ஏறினேன். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் பக்கமெல்லாம் இன்னும் ‘பாடு’ முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படும் இடங்களை ஊர்க்காரர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொண்டு சுத்து வலை போடுவார்கள். நம் ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீர் விடுகிறோமே, அதே மாதிரி. இன்று உனக்கு, நாளை எனக்கு. பங்காளிச் சண்டை வராமல் காப்பாற்றிய ஏற்பாடு.

படகுக்காரர் வலையை இழுத்துக் காட்டினார். இறால் ஒரு கை அளவு. மீதியெல்லாம் கறுப்பும் பழுப்புமாக, நூலால் ஒன்றோடொன்று கட்டியதுபோலக் கொத்துக் கொத்தாகச் சிப்பி. “பாட்டுல எறா கொஞ்சம், காக்கா ஆழி மூட்டை மூட்டையா வருது சார். இத்த பிரிச்சு எடுக்கவே அரை நாள் பூடுது. வலயும் கிழியுது” என்றார்.

இலக்கியத்தில் ஆழி என்றால் கடல். இந்தக் கரையில் ஆழி என்றால் ஒட்டி வாழும் சிப்பி. பச்சை ஆழி இங்கே பழையது, சமைத்துச் சாப்பிடுவார்கள், விலையும் உண்டு. காக்கா ஆழி புதிது. கறுப்பாக இருப்பதால் அந்தப் பெயர் என்று அவரே சொன்னார். ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா. பிறந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். ஓடு மெலிசு, உள்பக்கம் ஊதா. கட்டைவிரல் நீளம் இருக்கும்.

இன்னும் கொஞ்ச தூரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் நான்கைந்து பேர் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. முட்டிபோட்டு நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்பட்ட இறாலைப் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். முதல் என்று போடுவது கை ஒன்றுதான். அதில் மூத்தவரிடம், “எப்படிம்மா இருக்கு இப்ப?” என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் கீறல். “முன்னெல்லாம் சேத்துல கைய வுட்டா எறா மாட்டும் சார். இப்ப கைய வெச்சா ஓடுதான் கிழிக்குது. மஞ்ச மட்டியும் இல்ல. இன்னா பண்றது?”

அவர் சொன்னதன் காரணத்தை விவசாயிகளுக்கு எளிதாக விளக்கலாம். இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து படுக்கும். மட்டியும் சேற்றுக்குள்தான் இருக்கும். காக்கா ஆழி சேற்றின் மேல் நூல் விட்டு ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு பாய் விரித்ததுபோல மூடிவிடுகிறது. வயலில் பிளாஸ்டிக் மூடாக்குப் போட்டால் அடியில் களை முளைக்காது அல்லவா? அதேதான். மூடாக்கின் அடியில் இருக்கும் மட்டிக்கு மூச்சு முட்டும், இறாலுக்குப் படுக்க இடமில்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பாசியைச் சலித்துத் தின்பதிலும் அது மற்ற சிப்பிகளோடு போட்டி போடுகிறது.

இது எப்படி இங்கே வந்தது? ஆராய்ச்சியாளர்கள் கைகாட்டுவது கப்பலைத்தான். சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் நிற்க ஒரு துறைமுகத்தில் கடல் தண்ணீரை வயிற்றில் நிரப்பிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதைக் கொட்டும். கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் அந்தத் தண்ணீரில் பயணம் செய்யும். வளர்ந்தவை கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டிய காலத்தில் பாரத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றினார்கள். தண்ணீர் ஏற்றும் வழக்கம் இரும்புக் கப்பல் காலத்தில் வந்தது. இப்போது நமக்குத் தெற்கே சென்னை, எண்ணூரில் காமராசர், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளி என்று வரிசையாகத் துறைமுகங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலை ஆற்றை இந்தச் சிப்பி முதலில் பிடித்தது. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பக்கிங்காம் கால்வாய் போட்ட ராஜபாட்டை இருக்கவே இருக்கிறது.

இந்தியாவில் இதை அடையாளம் கண்டு 2019-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக் குழுவினர். கொச்சிக் காயலில் பார்த்தார்கள். அதே காலத்தில் கேரளப் பல்கலைக்கழக நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறைப் பேராசிரியர் ஏ.பிஜு குமார் கேரளக் காயல்களில் இதன் பரவலை ஆராய்ந்தார். கொல்லம் அஷ்டமுடிக் காயலில் பச்சைச் சிப்பியின் இடத்தை இது பிடித்துக்கொண்டது தெரிந்தது. அந்தக் காயலின் மட்டித் தொழில் சாதாரணமானதல்ல. மீன்வளம் குறையாமல் பிடிக்கிறார்கள் என்று 2014-ல் சர்வதேசச் சான்று பெற்ற, இந்தியாவின் முதல் மீன்பிடித் தொழில் அது. அந்த ஊர் மீனவர்கள் இதற்கு ‘வரத்தன் கக்கா’ என்று பெயர் வைத்தார்கள். வரத்தன் என்றால் வெளியூரிலிருந்து வந்தவன். சிங்கப்பூரில் 2016-ல் தென்பட்டு, ஜொகூர் நீரிணையின் மீன் பண்ணை வலைகளையும் மிதவைகளையும் இரண்டொரு வருடத்தில் மூடிவிட்டது. பிலிப்பைன்ஸ், தாய்லாந்திலும் இதே கதை.

இவ்வளவு வேகத்துக்குக் காரணம் அதன் உடம்பு. உப்பு ஆயிரத்துக்கு 2 பங்கு இருந்தாலும் பிழைக்கும், 40 பங்கு இருந்தாலும் பிழைக்கும். கடல் தண்ணீரே ஆயிரத்துக்கு 35 பங்குதான். சில வாரங்களில் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். உணவு கிடைப்பதைப் பொறுத்து ஆண் பெண் மாறுவதையும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கோரையைப் பார்த்து அலுத்த நமக்கே இதைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது.

இனி மருந்து விஷயத்துக்கு வருகிறேன்.

நமக்குப் பழக்கமான அந்நியப் பூச்சிகளை நினைத்துப் பாருங்கள். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளையடித்ததுபோல் ஆகி, மருந்தடித்தே பலர் நொடித்துப் போனார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, சோதித்து, வேளாண்மைப் பல்கலைக்கழகம் மூலம் வயல்களில் விட்டார்கள். பூச்சி அடங்கியது. அந்தக் குளவி மாவுப்பூச்சியைத் தவிர வேறெதையும் தொடாது என்பதுதான் அதன் பலம். காக்கா ஆழிக்கு அப்படிச் சோதித்து விடப்பட்ட எதிரி எதுவும் கிடையாது. களி நண்டு ஓட்டை உடைத்துத் தின்னும்தான். ஆனால் இது பெருகும் வேகத்துக்கு நண்டு ஈடுகொடுக்காது. மருந்து ஊற்றலாம் என்றால், காக்கா ஆழியைக் கொல்லும் எந்த மருந்தும் பச்சை ஆழியையும் மட்டியையும் இறாலையும் சேர்த்தே கொல்லும். வரப்பு இல்லாத தண்ணீரில் அளவு பார்த்து மருந்து போடவும் முடியாது.

மருந்தால் ஒழித்த இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1999 மார்ச்சில் படகுத் துறை ஒன்றில் கருவரிச் சிப்பியைக் கண்டார்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு பார்த்தபோது அது அங்கே இல்லை. அந்தத் துறைகளுக்கு மதகுக் கதவு உண்டு. உடனே கதவை அடைத்து, படகு எதையும் வெளியே விடாமல், குளோரினும் மயில்துத்தமும் கொட்டினார்கள். உள்ளே இருந்த எல்லாம் செத்தது, சிப்பியும் செத்தது. சில வாரங்களில் வேலை முடிந்தது. அதே கருவரிச் சிப்பி 1960-களின் கடைசியிலேயே நம் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் தென்பட்டது. இன்றைக்கும் இந்தியாவில் இருக்கிறது. அங்கே கதவு இருந்தது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்க ஆள் இருந்தார்கள். பழவேற்காட்டுக்குக் கதவு கிடையாது, வைக்கவும் முடியாது. தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்கும் ஆள் மட்டும் தினமும் இருக்கிறார். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாதான். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது, கர்நாடகத்தில் கண்ட அந்தப் பருவத்திலேயே நம் வட்டாரங்களுக்கெல்லாம் சுற்றறிக்கை வந்தது, இனக்கவர்ச்சிப் பொறி வந்தது. பயிருக்கு ஒரு துறை இருக்கிறது, அது பதில் சொல்ல வேண்டும். ஏரித் தரைக்கு யார் பதில் சொல்வது? மீன் மீன்வளத் துறைக்கு, பறவைகள் சரணாலயம் வனத்துறைக்கு, முகத்துவாரமும் ஆறும் நீர்வளத் துறைக்கு, கப்பல் துறைமுகத்துக்கு, கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, வடக்குப் பாதி ஆந்திர அரசுக்கு. சிப்பி இத்தனை எல்லையையும் ஒரே நூலில் கட்டிவிட்டது. எண்ணூர் மீனவர்கள் குரல் கொடுத்த பிறகே விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது. ஆக்கிரமிப்புச் செடிகளுக்கென்று தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது, நல்ல வேலை. தண்ணீருக்குள் இருக்கும் ஆக்கிரமிப்புக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. வெள்ளத்தில் நெல் மூழ்கினால் கிராம நிர்வாக அலுவலர் வருவார், அடங்கலைப் பார்த்துக் கணக்கெடுப்போம், நிவாரணம் முன்னே பின்னே வரும். சேற்றைத் தடவிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அடங்கல் ஏது? அவர்களுக்கு ஏற்பட்ட நட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இயந்திரம் வைத்து வாரிவிடலாம் என்ற பேச்சு இருக்கிறது. எண்ணூர்ப் பக்கம் ஆற்றில் படிந்ததை அகற்றும் யோசனையும் எழுந்தது. ஆற்றின் ஓட்டத்தையே அடைத்த இடத்தில் அது தேவைப்படலாம். ஆனால் ஏரி முழுக்க மண்வாரி இறக்கினால், சிப்பியோடு சேறும் மட்டிப் படுகையும் சேர்ந்து போகும், உடைந்த கொத்துகள் நீரோட்டத்தில் புது இடத்துக்குப் போய் ஒட்டும். கோரையை ரோட்டவேட்டர் போட்டு வெட்டி வயல் முழுக்கப் பரப்பிய கதையாகிவிடும். பாடு இடங்களிலும் இறால் தடவும் இடங்களிலும், கூலி கொடுத்து அந்த மக்களையே கையால் எடுக்கச் செய்வதே மேல் என்பது என் கருத்து. எங்கே எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். எடுத்ததைக் கரையில் மேடான இடத்தில் காயப்போட்டுப் புதைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் முழுதாக வந்து, உப்பு நீண்ட நாள் 2 பங்குக்குக் கீழே நின்றால் இந்தச் சிப்பி தாங்காது. ஆற்றில் தண்ணீர் வருவது ஏரிக்கு வீண் அல்ல என்பதை மேல்மடையில் இருக்கும் நாமும் நினைவில் வைக்க வேண்டும்.

புதிதாக அடுத்த வரத்தன் வராமல் தடுக்கும் கதவு துறைமுகத்தில்தான் இருக்கிறது. கப்பல் பாரத் தண்ணீர் பற்றி 2004-ல் சர்வதேச உடன்படிக்கை உருவாகி, 2017 செப்டம்பர் 8-ல் நடைமுறைக்கு வந்தது. கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் தண்ணீரை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது கப்பலிலேயே சுத்திகரிக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் அதன் சாரமாக இருந்தது. 2024 செப்டம்பர் முதல் மாற்றிக்கொள்வது மட்டும் போதாது, சுத்திகரிப்புத் தரத்தை எட்ட வேண்டும். கடைப்பிடிப்பதைச் சோதிக்கத் துறைமுகத்தில் ஆள் வேண்டும். நம்மால் முடியாதது இல்லை. வன்னாமி இறாலும் அந்நிய இனம்தான். 2009-ல் அனுமதி கொடுத்தபோது, தாய் இறாலைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொரிப்பகத்துக்கு அனுப்புவது என்று விதி செய்தோம். நாமாகக் கூப்பிட்ட விருந்தாளிக்கு அத்தனை சோதனை. கூப்பிடாமல் வருபவனுக்கும் ஒரு சோதனை வேண்டாமா?

கடிதம் எழுதிய வாசகருக்கும் அவர்போலக் குட்டை வைத்திருப்பவர்களுக்கும்: கால்வாயிலோ ஏரியிலோ எந்த மருந்தும் ஊற்றாதீர்கள், அது சட்டப்படியும் தவறு, பக்கத்துக் குடும்பத்தின் சோற்றிலும் மண். குழாயைக் கழற்றி வெயிலில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் காயவிட்டால் சிப்பி தானாகச் செத்து உதிரும். இரண்டு குழாய் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் வேலை நிற்காது. தண்ணீரை நேராகக் குட்டைக்கு விடாமல் முதலில் ஒரு தேக்கக் குட்டையில் வாங்குங்கள். குழாய் வாயில் 60 கண் வலைப் பை கட்டுங்கள். நுண்ணிய குஞ்சுகள் அதிலும் தப்பிவிடும். தேக்கக் குட்டையில் மட்டும் பிளீச்சிங் பவுடர் போட்டு, குளோரின் முழுக்க வெளியேறிய பிறகு இறால் குட்டைக்கு விடலாம். அளவை மீன்வளத் துறை அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள். அறுவடை முடிந்ததும் தரை வெடிக்கும் வரை குட்டையைக் காயப்போடுங்கள். சுரண்டி எடுத்த சிப்பியைத் திரும்பக் கால்வாயில் கொட்டுவதுதான் பலரும் செய்கிற வேலை. அது களையைப் பிடுங்கிப் பாத்தியிலேயே நடுவதற்குச் சமம்.

இந்தச் சிப்பியை வாத்துக்கும் கோழிக்கும் போடலாமா என்று அங்கேயே ஒருவர் கேட்டார். சிப்பி தண்ணீரில் உள்ளதையெல்லாம் சலித்து உடம்பில் சேர்க்கும், உலோகங்களையும் சேர்க்கும். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலக்கும் எண்ணூர்ப் பக்கத்துச் சிப்பியைச் சோதனை செய்யாமல் தீவனமாகக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. புதிதாக எந்த இடத்தில் காக்கா ஆழியைக் கண்டாலும், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடம், தேதி, தண்ணீர் ஆழம் மூன்றையும் குறித்து அங்கேயோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ கொடுங்கள். பழவேற்காட்டுக்குத் தெற்கே முட்டுக்காடு, பாலாற்று முகம், மரக்காணம் கழுவெளி, பரங்கிப்பேட்டைப் பக்கம் இருக்கும் வாசகர்கள் தங்கள் ஊர்ப் படகுத்துறைக் கட்டைகளையும் மிதவைகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இதழுக்கு ஒரு அஞ்சல் அட்டை எழுதுங்கள்.